எலிய காசு குடுத்து வாங்கி ஆத்தில விடுறாங்களாம்

அம்மாக்கு எலி எண்டா பிடிக்காது. பிடிக்காது எண்டது காணாது. நாங்க கொழும்பு வெள்ளவத்தையில மூண்டாம் மாடியில இருக்கிறம், கீழ குப்பை வைக்கிற இடத்தில ஒருநாள் பெருச்சாளி ஒண்டு ஓடினதுக்கு (அம்மா இன்னும் அகழான் எண்டுதான் சொல்லுவா) மனுசி ஒரு கிழமை கீழ இறங்கேல்ல, மரக்கறிக்காரனுக்கே மேல இருந்து கயித்தில கூடை விட்டவ. அப்பிடிப்பட்ட ஆளிட்ட அக்கா லண்டனில இருந்து கோல் எடுத்து, எங்கட வீட்டுக்குப் பக்கத்து ஆத்தில நூறுக்கு மேல எலி மாதிரி ஒரு சாமான் கொண்டந்து விட்டிருக்கினம், சின்னவனும் நானும் சனிக்கிழமையில அதைப் பாக்கப் போறனாங்கள் எண்டு சந்தோசமாச் சொல்ல, அம்மா போனைக் கையில வச்சுக்கொண்டு என்னைப் பாத்து, "தம்பி, எலிய காசு குடுத்து வாங்கி ஆத்தில விடுறாங்களாம். உவங்களுக்கு என்ன விசரே?" எண்டா.

இது 2022 ஓகஸ்ட் முடியிற நேரம். எங்களுக்கு இஞ்ச பெற்றோல் கியூ கொஞ்சம் குறைஞ்ச காலம், பெற்றோலை அளந்து குடுக்கிற கியூஆர் கோட் வந்து ஒரு மாசம்தான் ஆகியிருக்கும். அந்த மூடில இருந்த எனக்கும் அம்மா கேட்டது நியாயமாத்தான் பட்டது.

அடுத்த வருசம் விசா கிடைச்சு அக்கா வீட்ட போனன். டொல்வேர்த், லண்டனுக்குத் தென்மேற்குப் பக்கம், எங்கட சனம் நிறைய இருக்கிற இடம். பக்கத்தில நியூ மோல்டன், அங்கால கிங்ஸ்டன். இந்த ஊருகளுக்குள்ளால ஹொக்ஸ்மில் எண்டு ஒரு சின்ன ஆறு ஓடுது, ஈவெல் எண்ட இடத்தில நிலத்துக்குள்ளால ஊறி வந்து ஒரு பத்துக் கிலோமீற்றர் ஓடி கிங்ஸ்டனில தேம்சோட சேருது. ஆறு எண்டு அவை சொல்லுகினம், எங்கட கிருலப்பனை கனால் இதைவிட அகலம். ஆனா தண்ணி தெளிவு, அடியில கல்லு தெரியும், அதைப் பாத்தோடன எனக்கு கொஞ்சம் பொறாமைதான்.

மருமகனுக்கு அப்ப பதின்மூண்டு வயசு. வந்த ரெண்டாம் நாளே "மாமா வாங்கோ, வோல் காட்டுறன்" எண்டு இழுத்துக்கொண்டு போனவன். நான் "தண்ணி எலியோ?" எண்டு கேக்க, அவன் ஏதோ கெட்ட வார்த்தை கேட்ட மாதிரி நிண்டிட்டான். எலி இல்லை மாமா, வோல். எலிக்கு மூஞ்சை கூர், இதுக்கு மொண்ணை. எலிக்கு காது வெளிய நிக்கும், இதுக்கு காது மயிருக்குள்ள ஒளிஞ்சிருக்கும். எலிட வால் நீளம், மொட்டை. இதுட வால் கட்டை, மயிர் இருக்கும். பாடமாக்கி வச்சிருக்கிறான். தமிழில இதுக்கு என்ன பேர் எண்டு என்னைத் திருப்பிக் கேட்டான். எங்கட நாட்டில இல்லாத சாமானுக்கு நாங்க எப்பிடிடா பேர் வைக்கிறது எண்டு சொல்லிச் சமாளிச்சன். யானைக்கு எத்தினை பேர் வச்சிருக்கிறம், இந்த மொண்ணை மூஞ்சைக்கு ஒண்டும் இல்லை. இங்கிலீசில முழுப்பேர் வோட்டர் வோல் (water vole). சரி, இந்தப் பதிவில வோல் எண்டே எழுதுறன்.

நாப்பது நிமிசம் கரையில குந்திக்கொண்டு இருந்தம். ஒண்டும் வரேல்ல. எனக்கு கால் விறைச்சுப் போச்சு, நுளம்பு இல்லாத ஆத்தங்கரை எண்டதே ஒரு அதிசயமா இருந்தது, அதை யோசிச்சுக்கொண்டு இருந்தன். பெடியன் அசையேல்ல. பேந்து எழும்பி என்னைக் கூட்டிக்கொண்டு போய் புல்லுக்குள்ள ஒரு சின்னக் குவியலைக் காட்டினான். வெட்டின தண்டுகள். ஒவ்வொண்டும் ஒரு விரல் நீளம், ஒரு பக்கம் சரிவா, நாங்க முருங்கைக்காயைச் சரிச்சு வெட்டுற மாதிரி வடிவா வெட்டியிருக்கு. இதுதான் சாப்பாட்டு மேசையாம். இந்தச் சீவன் ஒரு நாளைக்கு தன்ர நிறையில எண்பது வீதம் சாப்பிடுமாம். கால்கிலோ, கூடினா முந்நூத்தைம்பது கிராம் வாற உடம்பு அது. என்ர அறுபது கிலோவுக்கு கணக்குப் பாத்தன், நாப்பத்தெட்டுக் கிலோ சோறு. எல்லாம் புல்லு, நாணல், தண்ணிச் செடி. மீன் இறைச்சி எண்டு பெரிசா ஒண்டும் இல்லை. அம்மாட்ட இதைச் சொல்ல வேணும் எண்டு நினைச்சன், சுத்த சைவம் எண்டா மனுசி கொஞ்சம் இறங்கி வருவா.

அங்கால அதுட கக்கூஸ். இதைத்தான் மருமகன் எல்லாத்தையும்விட ஆசையாக் காட்டினவன். டிக்டக் மிட்டாய் மாதிரி, ரெண்டு முனையும் மொண்ணையா, பச்சையும் மண்ணிறமுமா ஒரு குவியல். பொம்பிளை வோல்தான் இப்பிடி ஒரே இடத்தில போய்ப் போய், பேந்து பின்னங்காலால மிதிச்சுத் தட்டையாக்கி, விலாவில இருக்கிற சுரப்பிட மணத்தைப் பூசி, அதுக்கு மேல புதுசு போடுமாம். இது என்ர காணி, உள்ள வராத எண்டு அர்த்தம். எங்கட ஒழுங்கையில மதில் கட்டி மேல போத்தல் ஓடு பதிக்கிறதைவிட செலவு குறைவு எண்டு சொன்னன், அவனுக்கு விளங்கேல்ல. ஒரு குச்சியால ஒண்டை உடைச்சு "மணத்துப் பாருங்கோ, மணமே இல்லை, எலிடது எண்டா நாறும்" எண்டான். மாமன் எண்ட மரியாதைக்கு குனிஞ்சன். உண்மைதான், ஒண்டும் இல்லை.

அப்பதான் சத்தம் கேட்டது. தொபுக். அவ்வளவுதான். நான் திரும்ப, தண்ணியில வட்டம் மட்டும் பரவுது, கீழ கலங்கலா ஒரு கோடு ஓடுது. தண்ணிக்குள்ள பாயேக்க வேணுமெண்டே சத்தமாத்தான் பாயுமாம், மற்றதுகளுக்கு அது எச்சரிக்கை. பாய்ஞ்சோடன அடிச்சேத்தைக் காலால கிளப்பிவிட்டு அந்தப் புகைக்குள்ளால தப்பி கரையில இருக்கிற வளைக்குள்ள போயிரும், வளைட ஒரு வாசல் தண்ணிக்குக் கீழதான் இருக்கும். கரைக்குள்ள தட்டுத் தட்டா அறை வச்சிருக்கும், தண்ணி ஏறினா மேல் தட்டுக்கு போகலாம். வெள்ளம்பிட்டியில இருக்கிற என்ர கூட்டாளி 2016 மே வெள்ளத்துக்குப் பிறகுதான் மேல்மாடி கட்டினவன். இது பிறக்கேக்கயே அந்தப் பிளானோட பிறக்குது.

அண்டைக்கு நான் பாத்தது அந்தக் கலங்கல் கோடு மட்டும்தான். ஆளைக் காணேல்ல.

இவ்வளவு கெட்டிக்காரச் சீவன் ஏன் காசு குடுத்து வாங்கி விடுற நிலைமைக்கு வந்தது? அத்தான் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு சொன்ன கதையும் நான் பேந்து இருந்து வாசிச்சதும் சேத்துச் சொல்லுறன். 1929ல அமெரிக்க மிங்க் எண்டு ஒரு மிருகத்தை, கீரி மாதிரி, மயிர்த்தோலுக்காக பிரிட்டனுக்குக் கொண்டந்து பண்ணை வச்சவை. பண்ணை எண்டா தப்பி ஓடுறதும் இருக்கும்தானே. 1956ல டெவன் பக்கம் டீன் (Teign) ஆத்தில அது காட்டில குட்டி போட்டது உறுதியாச்சு. பிரச்சினை என்னண்டா வோலுக்கு எல்லா எதிரிக்கும் ஒரு வழி இருந்தது. நாரை வந்தா தண்ணிக்குள்ள பாயலாம், நரி வந்தா வளைக்குள்ள போகலாம். மிங்க் நீந்தும், சேத்துக்குள்ளால துரத்தும், அதுட பொம்பிளை மெல்லிசு, வளைக்குள்ளயே நுழைஞ்சு வரும். பிள்ளை குட்டியோட முழு வீடும் காலி. இவ்வளவு நாளும் கைகுடுத்த ரெண்டு தந்திரமும் இந்த ஒரு ஆளிட்ட செல்லேல்ல. இதோட சேத்து ஆத்தங்கரைகளை கொங்கிறீட்டும் இரும்புத் தகடும் போட்டு இறுக்கினது, கரை வரைக்கும் மாடு மேய விட்டது எல்லாம் நடக்க, தொண்ணூறுகள் முடியிறதுக்குள்ள முந்தி இருந்த இடங்களில 94 வீதத்தில வோல் இல்லாமப் போச்சு. 2018ல முழு பிரிட்டனிலயும் ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம்தான் மிச்சம் எண்டு மதிப்பிட்டவை. லட்சம் எண்டா கனக்க மாதிரி இருக்கும், ஆனா இது எலி சைஸ் சீவன், காட்டில சராசரியா அஞ்சு மாசம்தான் வாழும், ரெண்டாவது குளிர்காலத்தைக் காணுறதே அருமை. இங்கிலாந்திலயும் வேல்சிலயும் 2008ல இருந்து அதுக்கு முழுச் சட்டப் பாதுகாப்பு. அதுட வளையை இடிச்சா வழக்கு வரும்.

ஆனா எல்லா ஊரிலயும் இந்த மரியாதை இல்லை. பிரான்சிலயும் சுவிசிலயும் இதுட நெருங்கின சொந்தக்காரர் புல்வெளியைத் தோண்டி நாசமாக்கிறதால கமக்காரர் அதுக்குப் பொறி வைக்கினம். கிளாஸ்கோவில இன்னும் விசேசம், அங்க ஒரு கூட்டம் ஆத்தை விட்டிட்டு வீட்டுத்திட்டங்களுக்கு நடுவில புல்லுத்தரையில வளை தோண்டி இருக்குது, தண்ணியே வேண்டாமாம். உயிரினங்களுக்கு லத்தீன் பேர் வச்ச லின்னேயஸே இதில ஏமாந்தவர். 1758ல தண்ணியில பாத்ததுக்கு ஒரு பேர், நிலத்தில பாத்ததுக்கு வேற பேர் எண்டு ஒரே சீவனை ரெண்டு இனமா எழுதி வச்சிட்டுப் போயிட்டார்.

ஏமாந்தவை எண்டோடன அந்த ஓவியக் கதையைச் சொல்லாம விடேலாது, இந்தப் பதிவு எழுதத் தொடங்கினதே அதுக்காகத்தான். ஷேக்ஸ்பியர் நாடகத்தில வாற ஒபீலியா தண்ணியில மிதக்கிற மாதிரி ஒரு படம், பூவெல்லாம் சுத்திவர, கனபேர் எங்கயாவது கண்டிருப்பியள். கீறினவர் ஜோன் எவரெட் மில்லே. அந்த ஆத்தங்கரையை 1851ல இந்த ஹொக்ஸ்மில் கரையில இருந்துதான் மாசக்கணக்கா கீறினவர், அக்கா வீட்டில இருந்து நடக்கிற தூரம். பிறகு லண்டனில ஒரு பிள்ளையை பாத் டப்பில படுக்க வச்சு, தண்ணி சூடா இருக்க கீழ விளக்கு வச்சு, விளக்கு அணைஞ்சு அந்தப் பிள்ளைக்கு சளி பிடிச்ச கதையெல்லாம் பிரபலம். எனக்குப் பிடிச்சது மற்றக் கதை. முதல்ல அவர் ஒபீலியாவுக்குப் பக்கத்தில ஒரு வோல் நீந்திற மாதிரியும் கீறியிருந்தவர். கூட்டாளி ஹோல்மன் ஹன்ட்டிட மாமாவும் மாமியும் படம் பாக்க வந்திருக்கினம். பூ, மரம், தண்ணி எல்லாம் விளங்கினது, அந்த ஒண்டு மட்டும் விளங்கேல்ல. மாமா முதல்ல முயல் எண்டார், காட்டு முயல். எல்லாரும் சிரிக்க, அப்ப வீட்டு முயல் எண்டார். பிறகு நாய், பூனை எண்டும் பேச்சு வந்ததாம். மில்லே இதை டயரியில எழுதி வச்சிருக்கிறார். கடைசியில அந்த வோலை அழிச்சுப்போட்டார். இப்ப லண்டனில டேட் பிரிட்டன் எண்ட ஓவியக்கூடத்தில தொங்கிற படத்தில அது இல்லை, கன்வசிட மேல் மூலையில, பிரேமுக்குள்ள மறையிற இடத்தில, அதுக்குக் கீறிப் பாத்த ஒரு சின்ன உருவம் மட்டும் இன்னும் கிடக்காம்.

நான் டேட்டுக்குப் போய் அந்தப் படத்துக்கு முன்னால நிண்டன். எல்லாரும் பிள்ளைட முகத்தைப் பாக்கினம், நான் மட்டும் பிரேமிட மூலையை எட்டி எட்டிப் பாக்க, காவலுக்கு நிண்டவர் கிட்ட வந்திட்டார்.

படத்தில இருந்து போன சீவன் அந்த ஆத்தில இருந்தும் போச்சு. அதைத்தான் ஊர்ச்சனம் காசு சேத்து, வளத்த வோல் வாங்கி, 2022ல திருப்பி விட்டிருக்கினம். விடுறதுக்கு முதலும் பிறகும் மிங்க் இருக்கா எண்டு பாக்க வேணும், அதுக்கு ஆத்தில சின்னத் தெப்பம் கட்டி விடுறது, நடுவில ஈரக் களிமண் தட்டு, மிங்க் ஏறினா கால் அடையாளம் பதியும். அக்காவும் மருமகனும் சனிக்கிழமையில போறது இதைப் பாக்கத்தான். அக்கா இஞ்ச இருக்கேக்க வீட்டில கரப்பான் பூச்சியைக் கண்டாலே கதிரைக்கு மேல ஏறுறவ. இப்ப பூட்ஸ் போட்டுக்கொண்டு களிமண்ணைத் தடவி, "தம்பி, இது எலிக்கால், இது தாரா" எண்டு சொல்லுறா.

வோல் கரைகளைத் திருத்துறதுக்கு அங்க தும்பு உருளை பாவிக்கிறவை. தென்னந்தும்பை நீட்டு உருளையாச் சுத்தி, அதில நாணல் நட்டு, இறுகிப்போன கரையில வைக்கிறது. செடி வேர் விட, கரை மெதுவாகும், வோல் வளை தோண்டும். தும்பு ஏற்றுமதியில பெரிய ஆக்கள் நாங்கள். ஆனா கொழும்பில கனால் கரை முழுக்க கம்பி வலைக்குள்ள கருங்கல்லு அடுக்கி இறுக்கி வச்சிருக்கிறம். வெள்ளம் வடிய வேணும் எண்டு செய்தது, அதுட தேவை எனக்கும் தெரியும், 2010 நவம்பரில பாராளுமன்றத்துக்குள்ளயே தண்ணி போன ஊர் இது. எண்டாலும் அந்தக் கல்லுக்குள்ள ஒரு சீவன் எங்க போய் வளை தோண்டுறது?

திரும்பி வந்தாப் பிறகு எனக்கு ஒரு வருத்தம் பிடிச்சிட்டு. காலமை நடக்கப் போற இடம் மாறிட்டு. முந்தி மரைன் டிரைவ், இப்ப ஞாயிறில பிக்மீ டக்சி பிடிச்சு பெத்தகான, தியசரு பார்க், தலங்கம குளம் எண்டு கொழும்பைச் சுத்தியிருக்கிற சதுப்புகளுக்குப் போறன். நாப்பது வருசம் இந்த ஊரில இருந்திட்டு, 2018ல ராம்சார்காரர் (ஈரநிலங்களைக் காக்கிற சர்வதேச ஒப்பந்தம்) உலகத்திலயே முதல்முதலா ஈரநில நகரம் எண்டு அங்கீகாரம் குடுத்த 18 ஊரில கொழும்பும் ஒண்டு எண்டது போன வருசம்தான் எனக்குத் தெரியும். வெட்கமா இருந்தது. இந்தச் சதுப்புக்குள்ள மீன்பிடிப் பூனை இருக்கு, சிங்களத்தில ஹந்துன் திவியா எண்டுவினம், வீட்டுப் பூனையைப்போல ரெண்டு மடங்கு, தண்ணிக்குள்ள இறங்கி மீன் பிடிக்கும், எலியும் தின்னும். வீட்டுக் குளத்தில விட்ட கொய் மீன் ராவில காணாமப் போகுது எண்டு கமரா வச்சுப் பாத்தா இவர்தான் வந்து நிப்பாராம், கொழும்புக்கு நடுவில.

எங்களுக்கும் மிங்க் மாதிரி ஒண்டு இருக்கு, அது பூ. ஆகாயத்தாமரை, சிங்கள ஆக்கள் ஜப்பான் ஜபர எண்டுறது. அழகுக்குக் கொண்டந்தது. கொஞ்ச வருசத்திலயே கைமீறி, 1909ல அதை வச்சிருக்கக் கூடாது எண்டு தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. சட்டத்துக்கு நூறு வயசு தாண்டிட்டு, பூ இன்னும் கனாலில கிடக்கு.

அம்மாட பயம் பொய்யும் இல்லை. அதையும் சொல்லோணும். எலிக்காய்ச்சல் இஞ்ச விளையாட்டில்லை, 2008ல ஏழாயிரத்துக்கு மேல சந்தேக நோயாளர், 2024 டிசம்பரில யாழ்ப்பாணத்தில பரவேக்க அம்மா சொந்தக்காரர் எல்லாருக்கும் கோல் எடுத்து வயலுக்கு இறங்காதேங்கோ எண்டு சொன்னவ. எலிட சலம் கலந்த தண்ணி கால் காயத்துக்குள்ளால போனாக் காணும். லண்டனிலயும் அந்தத் தெப்பம் பாக்கிற ஆக்களுக்கு கையுறை போடு, கை கழுவு எண்டுதான் முதல்ல சொல்லிக் குடுக்கிறது. அதால நான் தலங்கமக்கு பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் போறன், அம்மாட ஓடர்.

போன மாசம் அங்க குளக்கட்டில ஒரு கல்லுக்கு மேல ஒரு எச்சம் கிடந்தது. கறுப்பு, ஈரம், டிக்டக் மாதிரி இல்லை, உருக்குலைஞ்சு கிடக்கு, உள்ள மினுமினு எண்டு ஏதோ. பெருச்சாளி எண்டு நினைச்சன். பக்கத்தில மீன் தூண்டில் போட்டுக்கொண்டு இருந்த ஐயாவைக் கேட்டன், பூனை எண்டார். அவரோட வந்தவர் நாய் எண்டார். எனக்கு ஹன்ட்டிட மாமா ஞாபகம் வந்து சிரிப்பு வந்திட்டு, அவைக்கு நான் ஏன் சிரிக்கிறன் எண்டு விளங்கேல்ல. பத்து ரூபா குத்தியைப் பக்கத்தில வச்சு, அளவு தெரிய வேணும்தானே, படம் எடுத்து மருமகனுக்கு அனுப்பினன்.

அங்க விடியக்காலமை. எண்டாலும் கொஞ்ச நேரத்தில வொய்ஸ் மெசேஜ் வந்தது, நித்திரைக் குரலில. "மாமா, அந்த மினுங்கிறது மீன் செதில். ஒட்டர் மாமா, நீர்நாய். எங்கட ஆறுகளில இருக்கிற அதே இனம்தான் உங்கடயும். மணத்துப் பாருங்கோ, மல்லிகைப்பூத் தேத்தண்ணி மாதிரி இருக்கும்."

சுத்திவரப் பாத்தன். ஐயாமார் ரெண்டு பேரும் என்னையே பாத்துக்கொண்டு இருக்கினம். சரி எண்டு குனிஞ்சன். மல்லிகை எண்டு சொல்ல மாட்டன், கருவாட்டுக் கடைக்குள்ள ஆரோ சென்ட் பூசிக்கொண்டு போன மாதிரி.

வீட்ட வந்து அம்மாட்ட சொன்னன், அம்மா, தலங்கமையில நீர்நாய் இருக்கு, லண்டனில இருக்கிற அதே சாதி எண்டு. அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நிமிராமக் கேட்டா, "அதையும் காசு குடுத்தே கொண்டந்தவங்கள்?"